கூலி பேசுதல்

அன்புள்ள ஐயா,

2019இல் கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தேன். வயது 32. ஒன்-நார்த்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியில்) வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 8,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). எனக்குப் பின் சேர்ந்த, என்னைவிட அனுபவம் குறைந்த ஒருவருக்கு 9,500 வெள்ளி என்று அண்மையில் தெரியவந்தது. மேலாளரிடம் கேட்டபோது, இந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்றார். பாஸைப் புதுப்பிப்பதும் அவர்கள் கையில் இருப்பதால் மேற்கொண்டு வற்புறுத்தத் தயங்குகிறேன். ‘கொடுப்பதை வாங்கிக்கொள், கேட்டு வாங்குவது கௌரவமில்லை’ என்கிறார் அம்மா. நான் என்ன செய்யலாம்?

செ.

அன்புள்ள செ.,

உங்கள் அம்மாவின் சொல்லை நான் எளிதாகத் தள்ள மாட்டேன். கை நீட்டுவதை இழிவாகக் கருதும் ஒரு நீண்ட மரபு அதில் இருக்கிறது. ஆனால் அதே ஊர்களில்தான் நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் இறங்குமுன் வரப்பில் நின்று கூலி பேசி முடித்தார்கள். இரப்பது வேறு, கூலி பேசுவது வேறு. நீங்கள் செய்ய வேண்டியது இரண்டாவது.

நான் இங்கு வந்த காலத்தில் எனக்கும் இந்த வேறுபாடு தெரியவில்லை. நேர்காணலின் முடிவில் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். நான் மனத்துக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்த்து, அதுவே பெரிய தொகை என்று மகிழ்ந்து ஓர் எண்ணைச் சொன்னேன். எதிரில் இருந்தவர் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் ஒப்புக்கொண்டார். அதே வேலைக்கு மற்றவர்களுக்குக் கொடுத்ததைவிட என் சம்பளம் மாதம் 600 வெள்ளி குறைவு என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். மாதம் 600 என்பது ஆண்டுக்கு 7,200. ஆண்டுதோறும் நான்கு விழுக்காடு உயர்வு என்று வைத்துக்கொண்டால் ஆறு ஆண்டுகளில் அந்த இடைவெளி மட்டும் ஏறத்தாழ 47,750 வெள்ளியாகிறது. உயர்வு எப்போதும் இருக்கும் சம்பளத்தின் மேல்தான் கணக்கிடப்படுகிறது. அடுத்த நிறுவனமும் கடைசியாக வாங்கிய சம்பளம் என்ன என்றுதான் முதலில் கேட்கிறது. ரூபாயில் பெருக்கிப் பார்த்து இங்கு வந்த நம்மில் பலரை அந்தத் தொடக்க எண் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வதைப் பார்த்திருக்கிறேன், இன்றும் அது என்னை வருத்துகிறது.

பாஸ் பற்றிய உங்கள் அச்சத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விதிகள் நீங்கள் அஞ்சுவதற்கு நேர்மாறான திசையில் நிற்கின்றன. 2025 ஜனவரியில் புதிய விண்ணப்பங்களுக்கான குறைந்தபட்சத் தகுதிச் சம்பளம், நிதித்துறை தவிர்த்த பிற துறைகளில், 5,600 வெள்ளியில் தொடங்கி வயதோடு உயர்ந்து, 45 வயதில் 10,700 வெள்ளியை எட்டும்படி நிர்ணயிக்கப்பட்டது. அதாவது உங்கள் வயது கூடக்கூட, அதற்கேற்ப உங்கள் சம்பளமும் உயர்ந்தாக வேண்டும் என்று மனிதவள அமைச்சே எதிர்பார்க்கிறது. பாஸுக்குத் தகுதியைப் புள்ளிகளால் அளக்கும் காம்பஸ் மதிப்பீடு புதுப்பிப்புக்கும் பொருந்தும்; அதில் 40 புள்ளிகள் தேவை. உங்கள் துறையில் உங்கள் வயதுடைய உள்ளூர் நிபுணர்களின் சம்பள வரிசையில் 65ஆவது விழுக்காட்டு நிலையை, அதாவது நூறில் 65 பேரின் சம்பளத்துக்கு மேலான இடத்தை, எட்டினால் 10 புள்ளிகள், 90ஆவதை எட்டினால் 20. இந்தக் கணக்கில் நிலையான மாதச் சம்பளம் மட்டுமே சேரும். போனஸ் சேராது, நிறுவனம் தரும் பங்குகளும் சேரா. ஆகவே ‘சம்பளத்தை இப்படியே வைத்துக்கொண்டு போனஸைக் கூட்டித் தருகிறோம்’ என்று சொன்னால், அதை உங்கள் நிலையில் இருப்பவர் முழுமையான பதிலாக ஏற்கக் கூடாது. அமைச்சின் இணையத்தளத்தில் உள்ள சுயமதிப்பீட்டுக் கருவியில் இன்றிரவே உங்கள் விவரங்களைப் போட்டுப் பாருங்கள்.

அந்தச் சக ஊழியரின் 9,500ஐ ஆதாரமாகக் காட்டாதீர்கள். அவருக்கு அது சங்கடம், உங்களுக்கும் வலுவான வாதமல்ல. அரசின் வேலைவாய்ப்புத் தளமான மைகரியர்ஸ்ஃபியூச்சரில் உங்கள் வேலைக்கு நிகரான விளம்பரங்களில் சம்பள வரம்பு அச்சிட்டே இருக்கிறது. தொழில்வாரியான இடைநிலைச் சம்பளத்தை அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அந்த எண்களோடு செல்லுங்கள். நம்மவர் சிலர் சொல்லும் இன்னொரு வாதத்தையும் தவிர்க்கச் சொல்வேன்: உள்ளூர் ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு நிறுவனம் கட்டும் 17 விழுக்காட்டை எனக்குக் கட்ட வேண்டியதில்லை, அது நிறுவனத்துக்கு மிச்சம்தானே என்பது அது. உள்ளூர்ச் சக ஊழியரைவிட மலிவானவர் என்று உங்களை நீங்களே அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டாம்.

ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்று மேலாளர் சொன்னது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆண்டிறுதிப் பணி மதிப்பீட்டுக் கூட்டத்தில் அவர் உங்களிடம் சொல்லும் எண், அதற்குப் பல வாரங்கள் முன்பே மேலிடத்தில் முடிவாகியிருக்கும். எனவே அந்தக் கூட்டத்துக்கு மூன்று நான்கு மாதங்கள் முன்னதாகப் பேசுங்கள். அவர் தம் மேலதிகாரியிடம் அப்படியே கொடுக்கக்கூடிய ஒரு பக்கக் குறிப்பையும் கொடுங்கள். கடுமையாக உழைத்தேன் என்று அதில் எழுதாதீர்கள். நீங்கள் பொறுப்பேற்ற மென்பொருள் அமைப்பு எது, அது எத்தனை முறை செயலிழந்துகொண்டிருந்தது, இப்போது எத்தனை முறை செயலிழக்கிறது, நள்ளிரவு அழைப்புகளை யார் எடுக்கிறார்கள் என்று எழுதுங்கள். வேண்டிய தொகையை ஒற்றை எண்ணாகச் சொல்லுங்கள். வரம்பாகச் சொன்னால் கீழ்முனையில்தான் பேச்சு முடியும்.

வேறு நிறுவனத்தின் வாய்ப்பைக் காட்டிப் பேசலாமா என்றால், உண்மையிலேயே போகத் தயாராக இருந்தால் மட்டும் காட்டலாம். பாஸ் ஒரு நிறுவனத்தோடு கட்டப்பட்டது. புதிய நிறுவனம் உங்களுக்காகப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு அமைச்சின் கொள்கையளவிலான ஒப்புதல் கைக்கு வரும்வரை இங்கே ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள். பங்குகள் தருகிறார்கள் என்றால், பெரும்பாலும் நான்கு ஆண்டுகளில் பிரித்துத்தான் கைக்கு வரும், கைக்கு வரும்போது அது வருமானமாக வரிக்கு உட்படும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இல்லை என்ற பதில் வரலாம். அப்போது எழுந்து வந்துவிடாமல், எந்தப் பொறுப்பை முடித்தால், எந்த மாதத்தில், எந்தத் தொகை என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு, அன்று மாலையே மின்னஞ்சலாக அவருக்கு எழுதி அனுப்பிவிடுங்கள்.