நான்கு போர்ஷன் வீட்டை மதிப்பிடும்போது கட்டடப் பரப்பை எப்படி அளப்பது?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று வாடகைக்குக் கட்டிய வீடுகளுக்குப் பார்ப்பது பிளிந்த் ஏரியா. அதாவது, தளமட்டத்தில் ஒரு வெளிச்சுவரின் வெளிமுகத்திலிருந்து எதிர்ச்சுவரின் வெளிமுகம் வரை, மாடிக்குத் தனியாக. சுவர் கட்டவும் செலவாகிறதே, அதைக் கழித்தால் கட்டுமான மதிப்பு குறைந்துவிடும். தேங்காயை ஓட்டோடு நிறுப்பது மாதிரி; உள்ளே இருக்கும் பருப்புதான் கார்ப்பெட் ஏரியா, அதாவது சுவர்களை விட்டுவிட்டு உள்ளே புழங்கும் தரைப் பரப்பு.

40க்கு 30 அடிக் கட்டடம் 1,200 சதுர அடி. 9 அங்குல வெளிச்சுவருக்கு உள்ளே டேப் பிடித்தால் 1,097தான் வரும். போர்ஷன்களைத் தனித்தனியாக அளந்து கூட்டினால் நடுச்சுவர் இரண்டு முறை ஏறிவிடும் (அதிகம் நடக்கும் தப்பு இதுதான்). முதலில் மொத்தத்தையும் சுற்றி அளந்துவிட்டு, பிறகு நடுச்சுவரின் மையத்தில் பிரியுங்கள். மழைக்காக மொட்டைமாடியில் போட்ட தகரக் கூரை தனிக் கணக்கு.

சன்ஷேடையும் சேர்த்தால்தான் முழு அளவு என்று பலர் நினைக்கிறார்கள். சன்ஷேடும் ஓட்டு இறவாரமும் இந்தப் பரப்பில் வராது.