அட்டை தொலைந்தாலும் அம்மா ஓட்டுப் போடலாம்

கோபியில் இருக்கும் அம்மாவின் வாக்காளர் அட்டை தொலைந்துவிட்டது, பூத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீங்க தம்பி. பட்டியலில் பேர் இருக்கிறதா என்பதுதான் முக்கியம், முதலில் அதைப் பாருங்கள். இருந்தால் ஆதார், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய பாங்க் பாஸ்புக், இதில் ஏதாவது ஒன்று போதும்.

பூத் சிலிப் மட்டும் செல்லாது. போன தடவை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், சிலிப்பை மட்டும் இடுப்பில் செருகி வந்த ஒரு அப்பத்தா வெயிலில் வீட்டுக்கு நடந்துபோய் பாஸ்புக் எடுத்து வந்தார். மனசு கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அடையாளம் கேட்பது சரிதான் என்பேன். கேட்காவிட்டால் அவர் ஓட்டை வேறு யாராவது போட்டுவிடலாம். அப்படியே போட்டிருந்தாலும் தேர்தல் நடத்தும் விதிகளில் 49P-யின்படி வாக்குச்சீட்டு கேட்டு வாங்கலாம்.

அப்புறம், புது அட்டைக்குப் படிவம் 8 கொடுத்துவிடுங்கள்.