டிஸ்க் வாங்கலாமா, சந்தாவே போதுமா?

அன்புள்ள சார்,

வீட்டில் பார்ப்பதற்கான அறிவியல் புனைவு, ஃபேண்டஸி, ஜப்பானியக் கார்ட்டூனான அனிமே என்று நீங்கள் போட்ட பட்டியலில் பாதிக்கு மேல் ‘டிஸ்க்கில் பாருங்கள்’ என்றிருந்தது. கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு, புளூ-ரே, 4கே என்று டிவிடிக்குப் பின்னால் வந்த டிஸ்க்குக்கு நான் எங்கே போவது? வீட்டில் மூன்று ஓடிடி சந்தா ஓடுகிறது. டியூன் இரண்டாம் பாகம் மாதிரிப் பெரிய படமே அமெரிக்காவில் 2024 மார்ச் 1 தியேட்டருக்கு வந்து ஏப்ரல் 16க்கெல்லாம் வீட்டில் பார்க்கக் கிடைத்துவிட்டது. ஒன்பதாவது படிக்கிற என் மகள் சோலோ லெவலிங் அனிமேயைத் தமிழ் டப்பிங்கிலேயே பார்க்கிறாள். இந்தக் காலத்தில் ஒரு படத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் கொடுத்து டிஸ்க் வாங்குவது பணக்காரப் பொழுதுபோக்கு இல்லையா? தவறாக நினைக்க வேண்டாம்.

ஒரு வாசகர், கோவில்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

தவறாக நினைக்க இதில் என்ன இருக்கிறது. பணக்காரப் பொழுதுபோக்கு என்பது பாதி உண்மைதான். மோசர் பேயர் கம்பெனி 28 ரூபாய்க்கு விசிடி விற்ற காலத்தில் சின்ன ஊரில்கூடக் கடை இருந்தது, இப்போது வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கிறது, அதில் தபால் செலவு, சுங்க வரி எல்லாம் சேர்ந்துகொள்ளும். மகள் விஷயத்தில் நீங்கள் செய்வதுதான் சரி. அமெரிக்காவிலோ ஜப்பானிலோ வெளியாகும் டிஸ்க்கில் தமிழ் ஒலி இருக்காது. ஜப்பான் டிஸ்க்கில் பல சமயம் ஆங்கில சப்டைட்டில்கூட இருக்காது, இரண்டு மூன்று எபிசோடை ஒரு டிஸ்க்கில் அடைத்து ஏழாயிரம் யென் அளவுக்கு விலை போடுவார்கள். அதையும் வரிசையாக வாங்கி அடுக்குகிற ரசிகர்கள் அங்கே உண்டு.

அப்புறம் நான் ஏன் டிஸ்க் டிஸ்க் என்று உயிரை எடுக்கிறேன் என்றால், ஃபனிமேஷனுக்கு நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

டெக்சாஸைச் சேர்ந்த ஃபனிமேஷன் அமெரிக்காவில் பல வருஷம் அனிமே டிஸ்க் விற்ற கம்பெனி. டிஸ்க் பெட்டிக்குள் ஒரு சீட்டு இருக்கும், அதில் ஒரு குறியீடு. அதை அவர்கள் தளத்தில் போட்டால் அதே தொடரின் டிஜிட்டல் பிரதி உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும், சில கட்டுப்பாடுகளோடு என்றென்றைக்கும் இருக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். 2017ல் சோனி ஃபனிமேஷனை வாங்கியது. 2021ல் அனிமே ஓடிடியான கிரஞ்ச்சிரோலையும் 117.5 கோடி டாலருக்கு வாங்கியது. இரண்டு கடை எதற்கு என்று ஒன்றை மூட முடிவுசெய்து, 2024 ஏப்ரல் 2ம் தேதியோடு ஃபனிமேஷன் தளத்தையும் செயலியையும் நிறுத்திவிட்டார்கள். சந்தாக்காரர்களைக் கிரஞ்ச்சிரோலுக்கு மாற்றினார்கள், சரி. அந்த டிஜிட்டல் பிரதிகள்? அவை கிரஞ்ச்சிரோலுக்கு வராது, அங்கே அந்த வசதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். டிஸ்க்கைப் பத்திரமாக வைத்திருந்தவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கணக்கில்தான் இருக்கிறதே என்று டிஸ்க்கை விற்றவருக்கு இரண்டும் போச்சு.

இது சந்தா கட்டியவர்களின் கதை இல்லை என்பதைக் கவனியுங்கள். காசு கொடுத்து வாங்கியவர்களின் கதை. சந்தா என்றால் காசு கட்டும் வரைதான் படம் என்று எல்லாருக்கும் தெரியும், அதில் ஏமாற்றே கிடையாது. ‘வாங்கு’ என்று பொத்தான் வைத்துவிட்டு உரிமம் மட்டும் தருகிறார்களே, அதுதான் எனக்கு ஆகவில்லை.

இன்னொன்று, படம் இருக்கும், ஆனால் நீங்கள் நினைத்த படமாக இருக்காது. எவாஞ்சலியன் என்ற அனிமே தொடர் 2019 ஜூனில் நெட்ஃப்ளிக்ஸில் வந்தபோது பழைய ரசிகர்கள் எபிசோட் முடிவு வரை காத்திருந்து ஏமாந்தார்கள். ஒவ்வொரு எபிசோடின் கடைசியிலும் ‘ஃப்ளை மீ டு தி மூன்’ பாட்டின் விதவிதமான வடிவங்கள் வரும், ஜப்பானுக்கு வெளியே அந்தப் பாட்டையே காணோம். ஆங்கில டப்பிங்கும் புதுசு. 1995ல் தொடங்கிய தொடருக்கு அந்தப் பாட்டு எவ்வளவு முக்கியம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நியாயமாக இதையும் சொல்லிவிட வேண்டும்: 2021ல் அமெரிக்காவில் வந்த புளூ-ரேயிலும் அந்தப் பாட்டு இல்லை. டிஸ்க் என்றாலே முழுசு என்று நம்பிக் காசைக் கொட்டாதீர்கள்.

ஏலியன்ஸ் படத்தின் 4கே டிஸ்க் இதைவிட மோசம். 1986 படம், அன்றைய ஃபிலிமின் கிரெயின், அதாவது பொடிப் புள்ளிகள், திரை முழுக்கக் கொரகொரவென்று தெரியும், எனக்கு அந்த இருட்டுக்கும் அழுக்குக்கும் அது பொருந்தியிருப்பதாகவே தோன்றும். படத்தை இயக்கிய ஜேம்ஸ் கேமரூன் அதைப் பீட்டர் ஜாக்சனின் பார்க் ரோட் போஸ்ட் கம்பெனியிடம் கொடுத்து, கணினியே கற்றுக்கொண்டு சுத்தப்படுத்துகிற முறையில் துடைத்தெடுக்க வைத்து 2024 மார்ச்சில் டிஸ்க்காக விட்டார். கதாநாயகி ரிப்ளியின் முகம் நெருக்கத்தில் வரும்போது நிறுத்திப் பாருங்கள், தலைமுடி ஒவ்வொரு இழையும் தனித்தனியாகக் கீறி வைத்த மாதிரித் தெரியும், கன்னத்தில் மட்டும் மெழுகு பூசியிருக்கும். ரசிகர்கள் கத்தினார்கள். கிரெயினை ஆராய்கிறவர்கள் அம்மா வீட்டு நிலவறையை விட்டு வெளியே வந்து நாலு பேரைப் பார்க்கட்டும் என்கிற ரீதியில் கேமரூன் பதில் சொன்னார். (நம் ஊரில் நிலவறைக்கு எங்கே போவது, மொட்டை மாடிதான்.) அவர் படம், அவர் இஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2010ல் வந்த புளூ-ரேயை வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர் வீட்டுக்குள் புகுந்து அதை யாரும் மாற்றிவிட முடியாது இல்லையா? ஓடிடியில் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிடலாம், உங்களுக்குச் சொல்லக்கூட வேண்டியதில்லை.

அனிமேயில் இது தலைகீழாகவும் நடக்கும், அது வேடிக்கை. வாரா வாரம் டிவிக்கு அனுப்பியாக வேண்டும் என்பதால் அவசரத்தில் அரைகுறையாக வரைந்து அனுப்புவார்கள், பிறகு டிஸ்க்குக்கு வரும்போது நிதானமாகத் திருத்துவார்கள். 2011ல் ஷாஃப்ட் ஸ்டுடியோ செய்த மடோகா மாஜிகா இதற்குப் பேர்போனது. அதில் மாமி (நம் வீட்டு மாமி இல்லை, பள்ளிக்கூடப் பெண்) குடியிருக்கும் வீட்டை டிவியில் வந்தபடியும் புளூ-ரேயில் வந்தபடியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வீடு மாறிப் போனாற்போல் இருக்கும், பின்னணியையே திரும்ப வரைந்திருக்கிறார்கள். அன்றைக்கு அங்கே வருமானத்தில் பெரிய பங்கு டிஸ்க் விற்பனையிலிருந்துதான், டிவியில் சும்மா பார்த்தவரைக் காசு கொடுத்து வாங்க வைக்க ஏதாவது கூடுதலாகத் தந்தாக வேண்டும்.

படத்தின் தரம் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 4கே டிஸ்க்கில் நொடிக்கு 128 மெகாபிட் தகவல் வரை போகலாம், நெட்ஃப்ளிக்ஸ் தன் 4கே படத்துக்கு 15 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு போதும் என்கிறது. 43 இஞ்ச் டிவியில் பகல் வெளிச்சக் காட்சிக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது. விண்வெளி, ராத்திரி வானம் மாதிரி இருட்டு மெல்ல மெல்ல மாறுகிற இடத்தில்தான் ஓடிடியில் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியும், நம் சமாச்சாரத்தில் பாதிப் படம் அங்கேதான் நடக்கிறது என்பது வேறு விஷயம்.

சரி, உங்களுக்கு என்ன சொல்வது? ஒருமுறை பார்த்து முடிக்கிற படத்துக்கெல்லாம் டிஸ்க் வேண்டவே வேண்டாம், என் பட்டியலில் அப்படி இருக்கிற நாலைந்தை அடித்துவிடுங்கள். திரும்பத் திரும்பப் பார்ப்போம் என்று தெரிந்த ஒன்றிரண்டுக்கு மட்டும் வாங்குங்கள், அதுவும் எந்தப் பதிப்பு, எந்த ஒலி, சப்டைட்டில் உண்டா என்று பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு. 4கே டிஸ்க்குக்கு நாட்டு வேலி கிடையாது, எங்கே வாங்கினாலும் ஓடும். சாதா புளூ-ரேக்கு உண்டு: வட்டாரக் குறியீட்டில் இந்தியா சி, அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, இங்கே வாங்கின பிளேயரில் அந்த டிஸ்க் ஓடாமல் போகலாம். தனியாகப் பிளேயர் வாங்கவும் தேவையில்லை, வீட்டில் டிஸ்க் போடுகிற பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் கேம் பெட்டி) இருந்தால் 4கே டிஸ்க் அதிலேயே ஓடும். மகளிடம் விசாரியுங்கள், அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.