பதினோராம் பாகத்தில் பேய்க்கு என்ன ஆயிற்று?

(இந்த இதழில் பேய்க் கதைகள் மட்டும். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே தொடரைப் பற்றியவை. எழுதியவர் சேலத்துக்காரர், நல்ல மனிதர், இந்தப் பகுதியைத் தவறாமல் படிப்பவர். எனவே அவர் பெயரோ தொடரின் பெயரோ இங்கே வராது. படித்தவர்களுக்குத் தெரியும், படிக்காதவர்களுக்குத் தேவையில்லை.)

கேள்வி: ஏற்காட்டு எஸ்டேட் பங்களாவில் பேயாக அலையும் பெண்ணைப் பற்றிய தொடரைக் கல்லூரி நாட்களிலிருந்து படித்துவருகிறேன். முதல் பாகத்தைப் படித்த இரவு, பின்கட்டுக்குப் போக அம்மாவைத் துணைக்கு எழுப்பினேன். இப்போது பதினோராம் பாகம் வாங்கி வைத்திருக்கிறேன். நாற்பது பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. வயதாகிவிட்டது எனக்கா, பேய்க்கா?
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: உங்கள் வயதைப் பற்றி நான் வாய் திறந்தால் வம்பு. பேய்க்கு வயதாகவில்லை, வசதி வந்துவிட்டது.

முதல் பாகத்தை நினைத்துப் பாருங்கள். கதாநாயகன் எஸ்டேட் ரைட்டர். பறிப்புக்காரர்கள் கொண்டுவரும் காப்பிப் பழத்தை எடை போட்டு நோட்டில் ஏற்றுவது, சனிக்கிழமை கூலி கொடுப்பது, இவ்வளவுதான் அவர் வேலை. மகள் சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தம்பிக்காக வாங்கிய கடன் தலைக்கு மேல் இருக்கிறது. பங்களாவின் பின்னறையில் வாடகை இல்லாமல் தங்கிக்கொள்ளலாம் என்பதால் அங்கே இருக்கிறார். சமையல்காரர் முதல் லாரி டிரைவர் வரை எல்லோரும் "மலையை விட்டு இறங்கிவிடுங்கள்" என்கிறார்கள். இறங்கினால் சம்பளம் இல்லை. பேய்க் கதை படிக்கிற எவருக்கும் முதலில் எழும் கேள்வி, "இந்த ஆள் ஏன் ஓடிப்போகவில்லை?" என்பதுதான். அதற்கு நம்பும்படியான பதில் இருக்கிறவரை கதைக்கு உயிர் உண்டு.

பிறகு அந்தப் பூ வாசம். காப்பிச் செடி பூக்கக் கோடை மழை வேண்டும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால், ஏறக்குறைய பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும். மல்லிகைக்குப் பக்கத்தில் வரும் வாசம். இரண்டு மூன்று நாளில் வாடியும்விடும். கார்த்திகையில் செடியில் பூ ஏது? சிவந்த பழம்தான் இருக்கும், பறிப்பு நடக்கும். அந்தக் கார்த்திகை இரவில், ரைட்டர் எடை நோட்டைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வழியாகக் காப்பிப் பூ வாசம் வருகிறது. அவ்வளவுதான். வெள்ளைப் புடவை இல்லை, சலங்கை இல்லை, விரித்த கூந்தல் இல்லை. அவர் பேனாவை மூடிவிட்டு, கூட்டல் பாதியில் நிற்க, உட்கார்ந்திருக்கிறார். மலையில் ஒரு பருவமாவது இருந்து பார்த்தவர் எழுதிய பக்கம் அது.

நான்காம் பாகத்தில் அதே வாசம் அத்தியாயத்துக்கு ஒரு முறை வருகிறது. ஏழாம் பாகத்தில் சேலம் ஐந்து ரோட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டில் வருகிறது. ஒன்பதாம் பாகத்தில் அந்தப் பெண்ணின் முற்பிறவி, அதற்கும் முந்தைய பிறவி, சாபம் கொடுத்தவர், சாபம் கொடுத்தவருக்குச் சாபம் கொடுத்தவர் எல்லாம் வரிசையாக வருகிறார்கள். ரைட்டருக்கே மந்திர சக்தி வந்துவிடுகிறது. இனி அவர் ஏன் ஓட வேண்டும்? நீங்கள் நாற்பது பக்கத்தில் நிறுத்திய இடத்துக்குச் சற்றுப் பின்னால் ஆவிகள் சபை கூடி அவருக்குத் தலைமைப் பொறுப்பு தருகிறது. விடுதியில் இருந்த மகள் என்ன ஆனாள் என்று ஆறாம் பாகத்துக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. கடனை யார் அடைத்தார்கள் என்பதும் தெரியவில்லை.

சேலத்தில் எங்கள் குகைப் பகுதியில் ஆடித் திருவிழாவின்போது, சாமி வேடம் போட்டவர்கள் வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கை நடக்கும். காளி வேடத்தில் நாக்கைத் துருத்திக்கொண்டு நிற்பவர் வண்டி மேல் இருக்கும்வரை குழந்தைகள் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வார்கள். அதே காளி ஓரமாக இறங்கி, கையில் சூலத்தோடு டீ குடித்தால் கதை முடிந்தது. பையன்கள் கிட்டே போய் நாக்கைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஒன்பதாம் பாகத்து முற்பிறவி விளக்கமெல்லாம் அந்த டீக்கடைதான்.

1897-இல் வந்த ரத்தக்காட்டேரி நாவல் 'டிராகுலா'வைப் பாருங்கள். மொத்தம் 27 அத்தியாயங்கள். முதல் நான்கு அத்தியாயங்களில் டிராகுலா பிரபு அவர் கோட்டையிலேயே நம் எதிரில் உட்கார்ந்து பேசுகிறார். அதன் பிறகு ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலை காட்டுவதோடு சரி. பயம் முழுவதும் மற்றவர்களின் டைரிகளிலும் கடிதங்களிலும் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டையில் நான் வாடகை நூலகம் நடத்திய காலத்தில், ஒரு தொடர் எங்கே நோய்வாய்ப்பட்டது என்பதை அட்டைக்கு உள்பக்கம் ஒட்டிய சீட்டே சொல்லிவிடும். முதல் பாகத்தின் சீட்டில் தேதி முத்திரை விழ இடமே இருக்காது, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி அட்டை தடித்துப்போயிருக்கும். மூன்றாம் பாகம் வரை அப்படி. நான்காவதில் முத்திரைகள் இடைவெளி விட்டு நிற்கும். ஆறாவதில் சீட்டு ஏறக்குறைய வெள்ளை. கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை செய்த ஒருவர் பேய்க் கதை தவிர வேறெதையும் தொடமாட்டார். பட்டறையில் மற்றவர்களுக்கு உரக்கப் படித்தும் காட்டுவார். ஒரு நாள் நான்காம் பாகத்தைப் பாதியில் திருப்பிக் கொடுத்து, "அண்ணா, இந்தப் பேய்க்கு வேறு வேலையே இல்லையா?" என்று கேட்டார். அதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் பத்திரிகைகளில் படித்ததில்லை.

உங்கள் பங்கும் கொஞ்சம் உண்டு. இருபது வயதில் உங்களைப் பயமுறுத்தியது பூ வாசம். இன்று முதல் பாகத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். மணியார்டர் அனுப்பப் பணம் போதாமல் ரைட்டர் இரண்டாவது முறை சில்லறையை எண்ணும் இடம் உங்களைத் தூங்கவிடாது.

கேள்வி: அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் – வேதாளம் கதை தலைமுறை தலைமுறையாக வந்தது. அதே மரம், அதே பிணம். அது மட்டும் எப்படிச் சலிக்கவில்லை?
– வாசகர், ஆத்தூர்

பதில்: முதல் காரணம், அம்புலிமாமா வாசகர்கள் வளர்ந்து வெளியேறிக்கொண்டே இருந்தார்கள். 1947 ஜூலையில் முதல் இதழ் படித்த பையனுக்குக் கல்யாணமாகி, அவன் மகன் அதே இடத்தில் உட்கார்ந்தான். சலிப்பதற்குள் ஆள் மாறிவிடும்.

அது போதாது என்பீர்கள், சரிதான். இன்னொன்று, அந்தச் சட்டம். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் அரசன் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலையும், பிணத்தோடு வேதாளம் முருங்கை மரத்துக்குப் பறந்துவிடும். சுமப்பவனுக்கு இரண்டு பக்கமும் நஷ்டம். எத்தனை மாதங்கள், எத்தனை ஆண்டுகள் ஆனாலும் அந்தச் சட்டத்தை ஒருவரும் தளர்த்தவில்லை. அரசனுக்குத் திடீரென்று பறக்கும் சக்தி கொடுக்கவில்லை. வேதாளத்தின் பால்ய காலத்தை விவரித்து நம்மை அழவைக்கவில்லை. ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தில் தோளில் பிணம், கையில் வாள், சுற்றிலும் சுடுகாடு. அதற்கு மேல் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. உள்ளே வரும் கதை மட்டும் ஒவ்வொரு மாதமும் புதிது. நடுவில் ஆறு மாதம் படிக்காமல் விட்டவனும் ஏழாவது மாதம் சிரமமில்லாமல் உள்ளே நுழையலாம். நம் எஸ்டேட் தொடரின் எட்டாம் பாகத்தை நேராக எடுத்துப் படிக்க முடியுமா? வம்ச வரைபடம் வேண்டும்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேதாளக் கதைகள் மூலத்தில் இருபத்தைந்துதான். பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்திலும் அவை இருக்கின்றன. அங்கே கதை முடிகிறது, அதுவும் எப்படி! ஒரு தந்தையும் மகனும் வேறொரு குடும்பத்துத் தாயையும் மகளையும் சந்திக்கிறார்கள். தந்தை அந்த மகளையும் மகன் அந்தத் தாயையும் மணந்துகொள்கிறார்கள். இரு ஜோடிக்கும் பிறக்கும் குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று வேதாளம் கேட்கிறது. அரசனுக்கு விடை தெரியவில்லை. வாயைத் திறக்காமல் நடக்கிறான். தெரியாததால் தலை வெடிக்கவில்லை, பேசாததால் வேதாளம் பறக்கவில்லை. போட்ட சட்டத்துக்குள்ளேயே வெளியேறும் வழியை வைத்திருந்த கெட்டிக்காரன் யாரோ தெரியவில்லை. எங்கிருந்தாலும் என் கும்பிடு.

கேள்வி: ஏற்காட்டில் உண்மையாகவே பேய் உண்டா?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: நான் பார்த்ததெல்லாம் காட்டெருமை. இரவில் வளைவு திரும்பியதும் எதிரே நின்றால் பேயே பரவாயில்லை என்று தோன்றும்.

கேள்வி: வாசகர்கள் விலகுவது தெரிந்தும் எழுத்தாளர்கள் ஏன் நிறுத்துவதில்லை? பேராசைதானே?
– வாசகர், ஓமலூர்

பதில்: அவ்வளவு சுலபமாகப் பழி போடாதீர்கள். தெரிந்த பெயர் போட்ட பன்னிரண்டாம் பாகம் குறைந்தபட்சம் இத்தனை பிரதி போகும் என்று பதிப்பாளருக்குக் கணக்கு உண்டு. புதுக் கதைக்கு அந்தக் கணக்கு இல்லை. எழுத்தாளருக்கும் வீட்டுச் செலவு இருக்கிறது. அவர் நிறுத்தலாமா என்று யோசிக்கும்போது, "அடுத்த பாகம் எப்போது?" என்று கேட்டுத் தொல்லை செய்தவர்களும் நாம்தான். நிறுத்தச் சொல்லி யார் கடிதம் எழுதுகிறார்கள்? பிடிக்காதவர் பேசாமல் விலகுகிறார். பிடித்தவர் மட்டும் எழுதுகிறார். எழுத்தாளர் காதில் விழுவது கைத்தட்டல் மட்டுமே.

இது நேற்று வந்த நோயும் அல்ல. இங்கிலாந்தில் 1845 முதல் 1847 வரை 'வார்னி' என்ற ரத்தக்காட்டேரியின் கதை வாரம் ஒரு பென்னி விலையில் வந்தது. விற்கிறதே என்று இழுத்தார்கள். அவன் எப்படிக் காட்டேரி ஆனான் என்பதற்கு ஓரிடத்தில் ஒரு காரணம், இன்னோரிடத்தில் வேறொரு காரணம். கடைசியில் அவன் தானாகவே வெசூவியஸ் எரிமலைக்குள் குதித்துவிட்டான். பாவம், அவனுக்கும் சலித்திருக்கும்.

கேள்வி: அந்தத் தொடரின் எட்டாம் பாகத்தில் ஏற்காட்டில் முழங்கால் ஆழத்துக்கு வெண்பனி கொட்டுகிறதே! என் கணவர் புத்தகத்தை மூடிவிட்டார். கதைதானே, இதற்குப் போய்க் கோபிக்கலாமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: தாராளமாகக் கோபிக்கலாம். சேர்வராயன் உச்சி 5,300 அடிக்குச் சற்று மேல். அங்கே கம்பளி போர்த்திக்கொள்ளலாம், மூடுபனியில் பக்கத்தில் நிற்கும் ஆள் தெரியாமல் போகலாம். வெண்பனியில் கால் புதையாது. பேய் வருகிற கதையில் மற்றதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருப்பதும், இருபது கொண்டை ஊசி வளைவுகளும், ஈரம் காயாத துணியின் வீச்சமும் சரியாக இருந்தால், அவற்றுக்கு நடுவே வருகிற ஒரே ஒரு பொய்யை நாம் மறுபேச்சின்றி நம்புவோம். 1820களில் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பி கொண்டுவந்தார் என்ற செய்தியை முதல் பாகத்தில் எவ்வளவு லாகவமாக, சமையல்காரர் வாயால் சொல்லவைத்திருந்தார்! எட்டாம் பாகம் எழுதும்போது ஆசிரியர் மலையேறவே இல்லை என்று எனக்குச் சந்தேகம். உங்கள் கணவர் கதையைக் கோபிக்கவில்லை. தான் குடியிருக்கும் ஊரை ஒருவர் வந்து பார்க்காமலே எழுதியதைக் கோபிக்கிறார்.

கேள்வி: இதே கதை வாரப் பத்திரிகையில் வந்தபோது ஏழு பாகங்களையும் ஆவலோடு படித்தேன். இப்போது புத்தகமாக ஒரே மூச்சில் படித்தால் மூன்றாம் பாகத்திலேயே களைத்துவிட்டது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்மாப்பேட்டை

பதில்: அப்போது உங்களுக்கு இடையில் ஏழு நாட்கள் இருந்தன, ஐயா. "தொடரும்" என்று போட்ட பிறகு அந்த வாரம் முழுக்கக் கதையை நீங்கள்தான் எழுதினீர்கள். ஜன்னலுக்கு வெளியே நின்றது யார் என்று பள்ளி ஆசிரியர் அறையில் விவாதம் நடந்திருக்கும். அடுத்த வாரம் ஆசிரியர் சொன்ன பதில் சப்பென்று இருந்தாலும், நீங்கள் கற்பனை செய்ததையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொண்டீர்கள். புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பினால் பதில். ஜன்னலுக்கு வெளியே நின்றது பூனை என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. அதுவும் அத்தியாயத்துக்கு ஒரு பூனை.

வாராவாரம் பக்கத்தைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த பிரதி உங்களிடம் இருந்தால் அதை எடுத்துப் படியுங்கள். நடுவில் பாதி சமையல் குறிப்பும், சைக்கிள் விளம்பரமும், வேறொரு கதையின் கடைசிப் பத்தியும் குறுக்கே வரும். அந்தத் தடங்கல்கள் கதைக்கு நல்லவை. நூலகத்தில் அச்சுப் புத்தகம் சும்மா இருக்க, பைண்டு பிரதியைத்தான் கேட்டு வாங்கிப்போவார்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. முதல் பாகத்தைக் கேட்கிறாள். கொடுக்கலாமா? கொடுத்தால் பதினொன்றையும் படிக்க வேண்டும் என்று அடம்பிடிப்பாளோ என்று பயம்.
– வாசகி, நான்கு ரோடு

பதில்: கொடுங்கள். கிணற்றடி அத்தியாயத்தை மட்டும் பகலில் படிக்கச் சொல்லுங்கள். அதைப் படித்துவிட்டு என் தங்கை மகன் ஒரு மாதம் மொட்டை மாடிக்குப் போகவில்லை. இரண்டாம், மூன்றாம் பாகங்களைக் கேட்டால் அவற்றையும் கொடுக்கலாம். நான்காவதை நீங்களாக எடுத்து நீட்ட வேண்டாம். அவளாகக் கேட்டால் மறைக்கவும் வேண்டாம். பாதியில் வைத்துவிட்டாள் என்றால், முடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். வாங்கிய புத்தகத்தைப் படித்து முடித்தே தீர வேண்டும் என்று நம் வீடுகளில் சாப்பாட்டுத் தட்டுக்குச் சொல்கிற சட்டத்தைச் சொல்வார்கள். அது புத்தகத்துக்குப் பொருந்தாது.