பஸ் எரிப்பு வழக்கும் மாறிய தண்டனையும்

அன்புள்ள ஐயா,

2000 பிப்ரவரியில் தர்மபுரி பக்கம் இலக்கியம்பட்டியில் பஸ்ஸைக் கொளுத்தி மூன்று மாணவிகளைக் கொன்ற வழக்கில் மூன்று பேருக்கு சேலம் கோர்ட் தூக்கு கொடுத்தது. ஹைகோர்ட்டும் 2010-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தன. பிறகு 2016-ல் அதே சுப்ரீம் கோர்ட் ஆயுளாகக் குறைத்தது. நீதிபதிகளை யாரோ சரிக்கட்டிவிட்டார்கள் என்றுதான் படுகிறது.

– ஒரு வாசகர், காவேரிப்பட்டினம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் எனக்கும் உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து கல்விச் சுற்றுலா வந்த பிள்ளைகள் அவர்கள்.

ஆனால் 'சரிக்கட்டிவிட்டார்கள்' என்பதை ஏற்க முடியவில்லை. அடுத்தவர் செய்ததற்குக் காரணம் தேடும்போது அவர் குணத்தைத்தான் முதலில் பிடிக்கிறோம், எந்த நிலைமையில் செய்தார் என்று பார்ப்பதில்லை. 1967-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கியூபா தலைவர் காஸ்ட்ரோவை ஆதரித்து எழுதும்படி சொல்லி எழுத வைத்த கட்டுரை என்று தெரிந்தும், எழுதியவர் காஸ்ட்ரோ பக்கம்தான் என்றே படித்தவர்கள் கணித்தார்கள்.

இந்த நீதிபதிகளின் நிலைமையையும் பாருங்கள். 2014 வரை தூக்குக் கைதியின் சீராய்வு மனுவைக்கூட (தீர்ப்பை அதே கோர்ட் மறுபடி பார்க்கக் கேட்கும் மனு) சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் தங்கள் அறையில், வக்கீல் வாதம் இல்லாமல், காகிதத்தைப் பார்த்தே முடித்துவிடுவது வழக்கம். அந்த ஆண்டு சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு, தூக்கு என்றால் மூன்று நீதிபதிகள் திறந்த கோர்ட்டில் வாதம் கேட்க வேண்டும் என்றது. அப்படித்தான் இந்த வழக்கு மறுபடி மேலே வந்தது. குற்றவாளிகள் என்ற முடிவில் கை வைக்கவில்லை. திட்டமிட்டது அல்ல, கும்பல் வெறியில் நடந்தது என்று தண்டனையை மட்டும் குறைத்தார்கள்.

சாட்சிகளையும் இப்படி நிலைமையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். சாட்சியை நேரில் பார்ப்பது விசாரணைக் கோர்ட்தான். குறுக்கு விசாரணையில் அவர் திணறுவது, தண்ணீர் கேட்பது, குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிற்கும் பக்கம் பார்த்ததும் குரல் இறங்குவது எல்லாம் அந்த நீதிபதி கண் முன்னால் நடக்கும். மேல் கோர்ட்டுக்குப் போகும் ஃபைலில் 'எனக்கு ஞாபகமில்லை' என்று டைப் அடித்த ஒரு வரிதான் இருக்கும். அதனால்தான் சாட்சியை நம்பலாமா என்பதில் மேல் கோர்ட் லேசில் தலையிடுவதில்லை.

இந்த வழக்கே முதலில் கிருஷ்ணகிரியில்தான் நடந்தது. அங்கே சாட்சிகள் பிறழ்ந்தார்கள், அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள், ஒரு மாணவியின் அப்பா ஹைகோர்ட்டுக்குப் போராடி சேலத்துக்கு மாற்ற வைத்தார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் அதே ஆட்கள்தான், ஊர் மாறியது, தண்டனை வந்தது. பிறழ்ந்தவர்களை விலை போனவர்கள் என்பது சுலபம், ஆனால் ஆளுங்கட்சியாகவோ எதிர்க்கட்சியாகவோ இருக்கும் ஒரு பெரிய கட்சியின் ஆட்களுக்கு எதிராக சொந்த ஊரில் கூண்டேறுவது எவ்வளவு பயம் தரும் என்று உங்களுக்குத் தெரியாதா?

கும்பல் வெறி என்ற காரணம் மட்டும் எனக்கு முழுசாக ஒப்பவில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லாருமா பெட்ரோல் ஊற்றினார்கள்? அப்புறம், 2018-ல் அந்த மூன்று பேரும் வெளியே வந்தது அரசு கொடுத்த முன்விடுதலையில். அதைப் பற்றி எழுதுங்கள், கட்டாயம் வெளியிடுகிறேன்.