மின்மூக்கு செய்யும் மகளுக்கு உயர்தரத்தில் எந்தப் பிரிவு?

ஐயா, சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு உங்கள் மகள், தேயிலை நொதிக்கும் மணத்தைப் பிடிக்கும் 'மின்மூக்கு'க் கருவியொன்றில் இறங்கிவிட்டார். 'படிக்கிற பிள்ளை நாளெல்லாம் ஒயரோடு கிடக்கிறதே' என்ற உங்கள் பயம் விளங்குகிறது. ஆனாலும் கருவியைப் பிடுங்கி வைக்காதீர்கள். எந்தப் பிரிவு என்ற உங்கள் கேள்விக்குப் பாதி விடை அந்த மேசையில்தான் இருக்கிறது.

சென்சர் மணத்தை உணரவே மாட்டேன் என்கிறது என்பது மகளின் முறைப்பாடு. விலைகூடிய சென்சர் வாங்கிக் கொடுக்க முதல், இருப்பதைச் சரியாக அளக்கிறாரா என்று பார்க்கட்டும்.

முதலில் சுமைத்தடை, அதாவது சென்சரோடு தொடராக, வெளியீட்டுக்கும் தரைக்கும் இடையே இருக்கும் தடை. கடையில் கிடைக்கும் எம்.கியூ வகை வாயுச் சென்சர் பலகைகள் பலவற்றில் 1 கிலோ ஓம் தடைதான் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வெளியீட்டுக் காலுக்கும் தரைக் காலுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால் தெரியும். சுத்தமான காற்றில் சென்சரின் தடை 40 கிலோ ஓம் என்று வைப்போம். 5 வோல்ட்டில் வெளியீடு 0.12 வோல்ட். மணம் பட்டுத் தடை 36 கிலோ ஓமுக்கு இறங்கினால் 0.135 வோல்ட். ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை பிரித்தறியும் ஒரு படி ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட், எனவே மூன்று படிகூட நகராது. 1 கிலோ ஓமைக் கழற்றி 39 கிலோ ஓம் போட்டால் அதே மணத்துக்கு 2.47 வோல்ட் 2.60 ஆகும், 27 படி. சுமைத்தடை சென்சரின் தடையோடு ஒத்திருக்கும்போதுதான் சிறு மாற்றம் பெரிதாகத் தெரியும். தடையைக் கூட்டியதும் அளவீடு துள்ளினால், வெளியீட்டுக்கும் தரைக்கும் குறுக்கே 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றைப் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது சென்சருக்குள் இருக்கும் சூடாக்கி. ஒரு சென்சர் 150 மில்லியம்பியர் அளவு இழுக்கும். நான்கு சென்சருக்கு 600, கணினியின் யூ.எஸ்.பி.யில் வழக்கமாகக் கிடைப்பது 500. சூடு குறைந்தால் உணர்வும் குறையும். 5 வோல்ட் 2 அம்பியர் அடாப்டரைத் தனியாகக் கொடுத்து, தரைக் கம்பிகளை மட்டும் ஒன்றாக இணைக்க வேண்டும். புதுச் சென்சரை 48 மணித்தியாலம் சூடாக்கிய பிறகே அதன் அளவை நம்பலாம். இடையில் கரண்ட் போனால் அளவு நிலைக்கும்வரை மறுபடி காத்திருக்க வேண்டும்.

மலையகத்தில் கூடுதலாக ஏமாற்றுவது ஈரம். சென்சரில் மணத்தை உணரும் பொருளான வெள்ளீய ஒட்சைட்டின் மேற்பரப்பில் நீராவி படிந்தாலே தடை மாறும். மூடுபனி இறங்கும் பின்னேரத்தில் எடுத்த அளவையும் வெயில் நேரத்து அளவையும் அப்படியே ஒப்பிட முடியாது. நொதிக்கும் கொழுந்தும் ஈரமானதுதான். அதனால் ஒரே அளவான இரண்டு கண்ணாடிப் போத்தல்கள் எடுத்து, ஒன்றில் 20 கிராம் நொதிக்கும் இலையும் மற்றதில் ஈரத்துணியும் போட்டு, ஒரே வெப்பநிலையில் பத்து நிமிடம் மூடி வைத்து அளக்கட்டும். இரண்டும் ஒரே அளவைக் காட்டினால், அவர் இவ்வளவு நாளும் அளந்தது தண்ணீரை. இந்தச் சோதனையைத் தவறவிடவே கூடாது.

சிலிக்கோன் பசையும் குழாயும் கிட்ட வரக்கூடாது. அந்த ஆவி சென்சரைத் திரும்பாதபடி கெடுத்துவிடும். டெப்லோன் குழாய் நல்லது. விறகடுப்புப் புகை வரும் இடத்திலும் வைக்க வேண்டாம்.

இப்போது மகளைக் கவனியுங்கள். தடைக் கணக்கில் மணிக்கணக்காக இருக்கிறாரா, ஈரத்துணி ஏன் அப்படிக் காட்டியது என்று துருவுகிறாரா? முதலாவது மின்னணுவியல், இரண்டாவது இரசாயனம். இரண்டும் என்றால் பௌதிக விஞ்ஞானப் பிரிவுதான் என் பரிந்துரை: இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். கணிதத்தில் நாட்டமில்லாவிட்டால் உயிரியல் பிரிவிலும் இரசாயனமும் பௌதிகமும் உண்டு. பொறியியல் தொழினுட்பப் பிரிவு செய்முறைக்கு நல்லது. ஆனால் அது பொறியியல் தொழினுட்பப் பட்டத்துக்குக் கொண்டுபோகும்; பேராதனை போன்ற பொறியியல் பீடத்துக்குப் போக பௌதிக விஞ்ஞானப் பிரிவே வேண்டும். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டாலும் கதவு மூடாது. என்.வி.கியூ என்ற தேசிய தொழிற் தகைமையின் 4ஆம் மட்டத்தில் தொடங்கி, 5, 6 முடித்து இரத்மலானையில் உள்ள தொழிற்கல்வித் தொழினுட்பப் பல்கலைக்கழகம் (யூனிவோடெக்)வரை போகலாம்.

நல்ல பாடசாலை என்று கண்டிக்கோ கொழும்புக்கோ மாற்ற முதல் ஒன்றை யோசியுங்கள். விஞ்ஞானப் பிரிவுகளுக்கான பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு. மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அதில் அடங்கும். பாடசாலையை மாற்றினால் மாவட்டமும் மாறக்கூடும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

இப்போதைய பாடசாலைக்குப் போய் அதிபரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இணைந்த கணிதத்துக்குத் தமிழ்மூல ஆசிரியர் நிரந்தரமாக இருக்கிறாரா? இரசாயன ஆய்வுகூடம் பாவனையில் இருக்கிறதா? கடந்த வருடம் அந்தப் பிரிவில் எத்தனை பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள்? மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆய்வுகூடத்தை அவரும் பார்க்கட்டும்.