ஆலய வளாகத்தில் கிறிஸ்துமஸ் சந்தை

கேள்வி: ஊரார் அனைவரையும் அழைத்து, எங்கள் ஆலய வளாகத்தில் கிறிஸ்துமஸ் சந்தை நடத்தச் சபையில் திட்டமிடுகிறோம். தேவாலயத்தை வியாபார வீடாக்குவதாகாதா எனச் சில பெரியவர்கள் தயங்குகிறார்கள்.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அவர்களின் தயக்கம் வேதத்திலிருந்து எழுவது, அதை மதிக்க வேண்டும். ஆயினும், எருசலேம் ஆலயத்தில் இயேசு காசுக்காரரின் (நாணயம் மாற்றுவோரின்) பலகைகளைக் கவிழ்த்தது வழிபாட்டுக்குரிய இடத்தைப் பேரத்தால் நிரப்பியதற்காகவே. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1434ஆம் ஆண்டு தொடங்கிய கிறிஸ்துமஸ் சந்தை இன்றும் நடைபெறுகிறது. அதே நாட்டின் நியூரம்பெர்க் நகரிலோ, மாதா கோயிலின் மாடத்தில் நின்று கிறிஸ்து குழந்தையாக வேடமிட்ட இளம்பெண் வரவேற்புக் கவிதை சொன்ன பின்னரே சந்தை தொடங்குகிறது. அறுப்பின் பண்டிகையில் வாழைத்தாரையும் பூசணியையும் ஏலம் விடும் நம் சபைகளுக்கும் இது முற்றிலும் புதிதன்று.

ஆகவே, கடைகளை ஆலயத்துக்கு வெளியே முற்றத்தில் அமையுங்கள். சுயஉதவிக்குழுப் பெண்களுக்கும் பிற சமயத்து அண்டைவீட்டாருக்கும் வாடகையின்றி இடம் கொடுங்கள். வருகிறவரிடம் துண்டுப்பிரசுரத்தைத் திணிப்பதைவிட, ஒரு தேநீர் கொடுத்து, பாடகர் குழுவின் கீர்த்தனைகளைக் கேட்க அமரச் செய்வதே மேலானது என்பது என் உறுதியான எண்ணம். வரவு செலவுக் கணக்கை அடுத்த ஞாயிறே சபையில் வாசித்துவிடுங்கள்.